தூத்துக்குடியிற் காண்பனவும் கற்பனவும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு நம் சங்கத்தார் குடும்பத்தோடு சென்று வருதற்குரிய ஊர் யாது என்னும் ஆலோசனை எழுந்தபோது, தூத்துக்குடியைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவிலே அன்பர் சிலர் முறுவலித்தனர். "திருச்செந்தூருக்குப் போகும்போது வண்டி மாறுகின்ற ஊர் அல்லவா? அங்கே உப்பும் மீனும் அன்றி வேறு என்ன இருக்கிறது?" என்பதே அம்முறுவலின் பொருள். குற்றாலத்தில் அருவி உண்டு. மதுரையில் அங்கயற்கண்ணி திருக்கோயில் உண்டு. குமரியில் முக்கடற் கூடல் உண்டு. தூத்துக்குடியில் யாதுண்டு என்று வினவுவார்க்கு விடை கூறுதலே இன்று யான் மேற்கொண்ட பணியாகும்.

விடையை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றேன். உப்பும் மீனும் இருத்தலினாலேயே அவ்வூர் காணத்தக்கது. இயற்கையின் வனப்பைக் காண்பதற்கு ஊர்கள் பல உள. இறைவனைத் தொழுவதற்கும் ஊர்கள் பல உள. மாந்தர் தம் கையுழைப்பு ஓர் ஊரை எங்ஙனம் எழுப்பிற்று என்பதைக் கண்ணாரக் காண்பதற்குத் தூத்துக்குடியினும் சிறந்த ஊர் நம் பக்கத்தில் இல்லை. அவ்வூரை எழுப்பியோர் ஒரு குலத்தார் அல்லர்; ஒரு சமயத்தார் அல்லர். இதனை நாம் எண்ணிப் பார்த்தற்கு ஒரு காரணமும் வாய்த்திருக்கிறது. பயணத்தில் இடம் மீந்தால், நம் மரபினர் அல்லாத அண்டை வீட்டாரையும் உடனழைத்துச் செல்லலாமா என்னும் வினா நிர்வாகக் குழுவில் எழுந்து, முடிவு பெறாமல் நிற்பதாக அறிகின்றேன். அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன். முன்னர் ஊரைக் காண்போம்.

ஊரின் வரலாறு

திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது தூத்துக்குடி. திருமந்திர நகர் என்பது அதற்கு வழங்கும் மற்றொரு பெயர். 1866 ஆம் ஆண்டில் நகராட்சியாகி, 2008 ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. 1876 ஆம் ஆண்டில் இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரையில், கொழும்பு நகருக்குச் செல்வோர் புகைவண்டியில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்தே கப்பல் ஏறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடிச் சென்ற நம் நாட்டு ஏழை மக்கள் பலர், தாய்நாட்டைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்த கரைகளுள் அதுவும் ஒன்று என்பதை அங்கே நிற்கும்போது நினைத்தல் வேண்டும்.

தமிழ் நூல்களைக் கற்றோர்க்குக் கொற்கை என்னும் பெயர் புதியதன்று. பாண்டியரின் துறைமுகமாய், முத்துக்கும் சங்குக்கும் புகழ்பெற்று விளங்கிய அவ்வூர், தாமிரபரணி கொணர்ந்து கொட்டிய வண்டலாற் கடல் விலகிப்போக, இன்று கரையினின்றும் சில கிலோமீட்டர் உள்ளே வயல் சூழ்ந்த சிற்றூராய் இருக்கின்றது. கொற்கை தளர்ந்தபின் காயல் தழைத்தது. வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டெழுதிய துறை அதுவே. காயலும் கடலை இழந்தபின் தூத்துக்குடி ஓங்கியது. ஒரு தாய் தன் அணிகலனை மகளுக்கும், மகள் பேர்த்திக்கும் அளித்தது போல, இம்மூன்று ஊர்களும் ஒரே வாணிகத்தை ஒன்றன்பின் ஒன்றாய்க் காத்து வந்தன. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர்; 1658 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றினர்; இறுதியில் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆண்டவர் மாறினர், முத்துக் குளித்தவரும், உப்பு வாரியவரும், தோணி விட்டவரும் மாறவில்லை.

வைகறையில் உப்பளம்

தூத்துக்குடிக்குச் செல்வோர் முதலாவதாகக் காணவேண்டுவது உப்பளமே. நம் நாட்டில் உப்பு விளைவிப்பதிற் கூர்ச்சரத்துக்கு அடுத்த நிலையில் நிற்பது தமிழ்நாடு. அதன் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து உப்பே. மழை குறைவு, வெயில் மிகுதி, காற்றோ ஓயாது வீசுவது, நிலத்தடி நீரும் உவர்நீர். உழவனுக்குக் கேடாகிய இந்நான்கும் உப்பு விளைவிப்போனுக்குச் செல்வமாயின.

உவர்நீரை முதலிற் பெரிய தேக்கத்தில் நிறுத்துவர். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட, அதனைப் படிப்படியாகச் சிறு பாத்திகளுக்கு மாற்றுவர். நீர் தக்க அளவுக்குக் கனத்தபின், கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கின்றது. நீண்ட கழியிற் கோத்த பலகையால் அதனை வாரி வரப்பில் ஒதுக்கிக் கூடையிற் சுமந்து அம்பாரமாகக் குவிக்கின்றனர். கேட்பதற்கு எளிய தொழில். செய்வதற்கோ மிகக் கடினம். வெண்மணற் பரப்பினும் கூசுகின்ற ஒளி கண்ணைத் தாக்குகின்றது. உவர்நீர் காலைப் புண்ணாக்குகின்றது. ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரையில் உழைக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாற் பாத்தி கரைந்துவிடும். ஆதலின் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் பெரும்பாலும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இவர்தம் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் அம்மையார் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலில் எழுதியிருக்கின்றார்கள். புறப்படுமுன் நம் சங்க நூல்நிலையத்தில் அதனை வாங்கி வைத்து இளைஞர்கள் படித்தல் நலம்.

பழைய இலக்கியத்தில் உப்பு வணிகரை உமணர் என்பர். அவர்கள் வண்டி வண்டியாக உப்பேற்றிக்கொண்டு, குடும்பத்தோடு மலைநாடு வரையிற் சென்ற செய்தியைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. வகுப்பறையில் யாம் அதனைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றோம். ஆனால் உப்பு விளையுமிடத்தைக் காணாத மாணவனுக்கு உமணர் என்பது வெறுஞ்சொல். கண்டவனுக்கு அஃது உயிருள்ள பொருள். உப்பளத்துக்குள்ளே செல்ல உடையவரிடம் முன்னதாக அனுமதி பெறுதல் வேண்டும். உழைப்போரைக் காட்சிப் பொருளாகக் கருதி, அவர் இசைவின்றிப் படம் பிடித்தல் தகாது. காலை 7 மணிக்குள் சென்று திரும்பிவிடுதல் சிறுவர்க்கும் முதியோர்க்கும் நன்று.

முத்தும் சங்கும்

முத்துநகர் என்று பெயர் பெற்ற ஊரில் முத்து எங்கே என்று பெண்மக்கள் கேட்பார்கள். அதற்குரிய விடையைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நல்லது. தூத்துக்குடிக் கடலிற் கடைசியாக முத்துக் குளித்தது 1961 ஆம் ஆண்டில். அதன்பின் பார்களில் முத்துச்சிப்பி போதிய அளவு காணப்படாமையால் அத்தொழில் நின்றுபோயிற்று. பார் என்பது கடலடியிற் சிப்பி தங்கும் கற்பாங்கான இடம். ஆகவே இன்று கடையில் "இவ்வூர்க் கடலில் எடுத்த முத்து" என்று எவரேனும் கூறினால், ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்துப் பணப்பையைத் திறக்க வேண்டுகின்றேன். 1973 ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்தை வளர்த்தெடுக்கும் முறையைத் தூத்துக்குடியில் வெற்றியுடன் செய்து காட்டினர். அஃது அவ்வூருக்கு ஒரு பெருமை.

முத்துக் குளித்த முறையையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். குளிப்பவன் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு விரைந்திறங்குவான். மூச்சடக்கிய சிறுபொழுதுக்குள் எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் உடனே மேலே இழுத்தல் வேண்டும். தாழ்த்தானாயின் கீழுள்ளவன் உயிர் போய்விடும். அதனால் கயிறு பிடிப்பவன் குளிப்பவனுடைய மைத்துனனாக இருத்தல் வழக்கம் என்பர். தமக்கையின் தாலிக்குத் தம்பியினும் சிறந்த காவலன் எவன்? பரதவரும் முஸ்லிம்களும் ஒரே கடலில், அடுத்தடுத்த தோணிகளிலிருந்து குளித்தனர். அரசரின் முடியிலும் சீமாட்டியரின் கழுத்திலும் ஒளிர்ந்த முத்துக்கெல்லாம் விலை, அவர்கள் அடக்கிய மூச்சே. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகின்றது. அச்சங்குகள் வங்காளம் சென்று, அங்குள்ள சுமங்கலிப் பெண்டிரின் வளையல்களாகின்றன. வங்கத்து மணமகளின் கையில் ஒலிக்கும் வளை, தூத்துக்குடி ஆழ்கடலில் ஒருவன் மூச்சடக்கி எடுத்ததாக இருக்கலாம்.

தோணியும் துறைமுகமும்

பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகளைக் காணலாம். மரத்தாற் செய்த பெருங் கலங்கள் அவை. முன்னாளிற் கொழும்புக்கும், இந்நாளில் மாலத்தீவு முதலிய இடங்களுக்கும், காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிச் செல்வன. பருவக்காற்று வலுத்த திங்கள்களில் அவை ஓடா. வரைபடமின்றிக் கண்ணளவாலும் கையளவாலும் தோணி கட்டிய தச்சர்களும், விண்மீன் நோக்கித் திசையறிந்து செலுத்திய தண்டல்களும் இருந்த ஊர் அது. தோணிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. காணவிரும்புவோர் விரைந்து காண்க. இவ்வாழ்வைக் களமாகக் கொண்ட ஜோ டி குரூஸ் அவர்களின் 'கொற்கை' என்னும் நாவல் 2013 ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

நகருக்குத் தெற்கே உள்ளது புதிய துறைமுகம். 1974 ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இயற்கையான குடாவோ கழிமுகமோ இல்லாத இடத்தில், கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைகளைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நிறுவி, அவற்றிடையே கடலைத் தளைப்படுத்தியிருக்கின்றார்கள். சேதுவுக்குக் கல் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், கல் கடலை நிறுத்திவைத்திருப்பதை இங்கே நேரிற் காணட்டும். துறைமுகத்தை அடுத்துள்ள முயல் தீவுக் கடற்கரை மாலைப்பொழுதுக்கு ஏற்றது.

மன்னார் வளைகுடாவிலே தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 சிறு தீவுகள் உண்டு என்பர் நூலோர். 1986 ஆம் ஆண்டு முதல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அனுமதியின்றி அவற்றில் இறங்குதல் கூடாது; படகுக்காரரை வற்புறுத்தலும் ஆகாது. அவற்றுள் விலங்குசல்லி என்னும் தீவு இப்பொழுது நீருக்குள் மூழ்கிவிட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததே அதற்குப் பெருங் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அலையைத் தடுத்த வேலியை நாமே பிடுங்கிச் சுவராகக் கட்டினோம். வேலி போனபின் நிலமும் போயிற்று. உழைப்பு ஊரை ஆக்கும்; அளவறியாத பேராசை ஊரை அழிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரவு 9 மணியளவில் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். விசைப்படகுகள் விடியற்காலையிற் புறப்பட்டு இரவு கரை திரும்புதல் தூத்துக்குடி வழக்கம். படகு அணைந்தவுடன் விளக்கொளியில் மீன் ஏலம் நடைபெறும். வடக்கே திரேஸ்புரத்தில் நாட்டுப் படகுகளையும் வள்ளங்களையும் காணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் மீன்களின் இனப்பெருக்கத்தின் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. அந்நாட்களில் இக்காட்சி இராது.

திருக்கோயில்களும் தேவாலயங்களும்

ஊரின் நடுவே சங்கர ராமேசுவரர் ஆலயமும் வைகுண்டபதிப் பெருமாள் ஆலயமும் அடுத்தடுத்து விளங்குகின்றன. சிவபிரானுடன் எழுந்தருளிய அம்மையின் திருநாமம் பாகம்பிரியாள் என்பது. இறைவனின் ஒரு பாகத்தை விட்டுப் பிரியாதவள் என்று பொருள்படும் இவ்வினிய பெயரைச் சொல்லிப் பார்த்தாலே நெஞ்சு குளிர்கின்றது.

கடற்கரைச் சாலையில் நிற்பது பனிமய மாதா பேராலயம். அங்குள்ள திருவுருவம் 1555 ஆம் ஆண்டிற் கடல்வழியே வந்தது என்பது வரலாறு. இப்பொழுதுள்ள ஆலயம் 1713 ஆம் ஆண்டில் எழுந்தது. 1982 ஆம் ஆண்டிற் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரையில் திருவிழா நிகழும். சிறப்பான ஆண்டுகளில் மட்டும் ஓடுகின்ற தங்கத் தேர் 2023 ஆம் ஆண்டில் ஓடிற்று. வடம் பிடித்துத் தேரிழுக்கும் வழக்கம் நம் திருக்கோயில்களிலும் உண்டு. மாதா கோயிலிலும் உண்டு. வடத்தைப் பிடித்த கைகள் எச்சமயத்தாருடையவை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. டச்சுக்காரர் 1750 ஆம் ஆண்டிற் கட்டிய தேவாலயம் ஒன்றும் அருகில் உண்டு. அவர்தம் வாணிகக் கம்பெனியார் தங்கள் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, 'வி.ஓ.சி.' என்று காசிலே பொறித்தனர். கீழ்த்திசைக் கடலையெல்லாம் தமதாக்க வந்தவர்க்கும், நம் கடலை நமக்கு மீட்க முயன்றவர்க்கும் ஒரே மூன்றெழுத்து வாய்த்தது வியப்பன்றோ!

தண்ணீர் தந்தவர்

கடலோரத்து ஊரில் நீர் எங்கும் உண்டு, குடிநீரோ இல்லை. பல்லாண்டுகள் தூத்துக்குடி மக்கள் குடிநீருக்குப் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் விடாது முயன்று, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை 1927 ஆம் ஆண்டில் ஊருக்குக் கொணர்ந்தார்கள். அவர்களது சிலை நகரில் இருக்கின்றது. பரதவர் குலத்திலே தோன்றியவர். ஆயினும் அவர் கொணர்ந்த நீர் எல்லாத் தெருவுக்கும் ஓடிற்று. நீரும் காற்றும் தூயனவாக இருத்தல் வேண்டும் என்னும் கவலை அவ்வூரை இன்றும் விட்டபாடில்லை. அக்கவலையின் பொருட்டு எழுந்த போராட்டத்தில், 2018 மே மாதத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டினால் 13 பேர் உயிர் நீத்தனர். அவ்வூரைக் காணச் செல்வோர் அத்துயரையும் அறிந்து, அடக்கத்தோடு செல்லுதல் முறை.

கப்பல் ஓட்டிய கதை

இனித் தூத்துக்குடியின் தலையாய செய்திக்கு வருகின்றேன். பழைய துறைமுகத்தின் கரையில் நின்று கடலை நோக்குவோர் 1906 ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டிலேதான் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களின் முயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் பாண்டித்துரைத் தேவர். பங்கு வாங்கியோருள் முதன்மையானவர் ஹாஜி முகமது பக்கீர் சேட்டு. 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை ஏற்றார். சட்ட ஆலோசகர் சேலம் விஜயராகவாச்சாரியார். இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு குலத்தின் பெயர்ப் பட்டியலா இது?

காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனியாராகிய ஆங்கிலேயர் கட்டணத்தைக் குறைத்தனர். மேலும் மேலும் குறைத்தனர். இறுதியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தனர் என்பர். 1908 பிப்ரவரியிற் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளை அவர்கள் அவர்க்குத் துணைநின்று வென்றார்கள், கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. அந்நாளிற் சுதேசியத்துக்கு மாறாக நின்ற பெரிய மனிதருக்கு முகம் மழிக்க நாவிதத் தோழர்கள் மறுத்துவிட்ட செய்தியும் பதிவாகியுள்ளது. கற்றோர் மேடையிற் பேசினர். கல்லாதார் என்று நாம் எண்ணுவோர் தம் கத்தியை மடக்கி வைத்து நாட்டன்பைக் காட்டினர்.

1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது, அவரை எதிர்கொள்ளத் திரண்டோர் மிகச் சிலரே. கம்பெனியோ அதற்குள் கலைந்து, கப்பலும் கைமாறிப் போயிருந்தது. எஞ்சிய வாழ்நாளை அவர் வறுமையோடு கழித்தார். அவ்வறுமையிலும் தமிழை விட்டாரல்லர்; திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையை 1917 ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவினார்; தொல்காப்பிய இளம்பூரணத்துக்கும் உழைத்தார். 1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடியிலே உயிர் நீத்தார். வழக்கறிஞர், வணிகர், தொழிலாளர் தோழர், தமிழாசிரியர் என நால்வர் செய்யும் பணியை ஒருவரே செய்து, நால்வர் படும் துன்பத்தையும் ஒருவரே பட்டார். அவர் பிறந்த ஒட்டப்பிடாரத்து இல்லம் இன்று நினைவகமாக இருக்கின்றது. தூத்துக்குடியில் அவர் பெயராற் கல்லூரியும் உண்டு. இரண்டு கப்பலை வாங்கிய நாம், அவற்றை வாங்கித் தந்தவரைக் கைவிட்டோம். அக்குறையை நினைவகத்தின் முன்னர் ஒரு நாழிகை மௌனமாக நின்றேனும் உணர்வோமாக.

சுற்றுப்புறமும் உணவும்

இரண்டு நாட்கள் தங்குவோர் அருகிலுள்ள சில இடங்களையும் காணலாம். ஒட்டப்பிடாரத்தை அடுத்துக் கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி. அங்கே 1974 ஆம் ஆண்டில் எழுந்த நினைவுக் கோட்டை உண்டு. மேலும் வடமேற்கே பாரதியார் பிறந்த எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கிய இடமும் அதுவே. தமிழ் பயிலும் மாணவர் அவ்விரண்டையும் ஒருங்கே தொழுதல் வேண்டும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளை அவை கிடைத்த குழியிலேயே காணும்படி 2023 ஆம் ஆண்டில் அங்கே காட்சியகம் அமைத்திருக்கின்றார்கள். திருச்செந்தூரை நான் சொல்லவேண்டுவதில்லை. அங்கே போகாமல் நம் தாய்மார்கள் திரும்பமாட்டார்கள்.

உணவிலே அவ்வூருக்கே உரியது மக்ரூன் என்னும் இனிப்பு. பெயர் ஐரோப்பியருடையது, முந்திரியும் போர்த்துக்கீசியரால் இந்நாட்டுக்கு வந்தது, செய்கின்ற கையோ தூத்துக்குடிக் கை. அது வாயில் இட்டவுடன் கரையும். ஆனால் அதில் முட்டையின் வெண்கரு சேர்வதுண்டு. மரக்கறி உண்போர் அறிந்து கொள்க. உடன்குடிக் கருப்பட்டியையும் மறவாமல் வாங்கி வருக.

பயணத்துக்குரிய காலம் பிப்ரவரி, மார்ச்சு என்பது என் கருத்து. உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும்; தோணிகள் ஓடும்; மீன்பிடித் தடை வந்திராது; வெயிலும் சிறிது பொறுக்கும். முதல்நாள் விடியலில் உப்பளம், முற்பகலிற் கோயில்களும் தேவாலயங்களும், மாலையிற் பழைய துறைமுகமும் முயல் தீவும், இரவில் மீன் ஏலம். மறுநாள் ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் திருச்செந்தூர் செல்லும்போது போகலாம். சென்னையிலுள்ள அன்பர்கள் முத்துநகர் விரைவு வண்டியில் இரவிற் புறப்பட்டுக் காலையில் வந்து நம்மோடு சேர்ந்துகொள்ளலாம்.

முடிவுரை

அன்பர்களே! தொடக்கத்திற் குறித்த வினாவுக்கு வருகின்றேன். நம் சங்கம் நம் மரபினரின் நன்மைக்காக ஏற்பட்டது, அதனை மறுப்பாரில்லை. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கும், கைம்பெண்டிரின் வாழ்வுக்கும் நம் முன்னோர் அரும்பாடுபட்டு நிதி சேர்த்தார்கள். "நம் பொருளை நம்மவர்க்கே செலவிடுதல் வேண்டும், வண்டியில் இடம் மீந்தால் மீந்துபோகட்டும்" என்று சொல்லும் பெரியோர்களின் நோக்கமும் அந்நிதியைக் காப்பதேயாகும், அவர்களிடம் எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் அவர்களை நான் ஒன்று கேட்பேன். வேலி எதற்காக இடுகின்றோம்? பயிரைக் காத்தற்காக. விளைந்த கதிரை அண்டை அயலார்க்குக் கொடாமல் வேலிக்குள்ளே வைத்துப் புழுக்கிவிடுதற்காகவா?

தூத்துக்குடியில் நாம் காணப்போவதை மீண்டும் எண்ணுங்கள். கயிறு பிடித்தவனை நம்பிக் கடலில் இறங்கினான் ஒருவன். உப்பை ஒருவர் வார, ஒருவர் சுமக்க, ஒருவர் விற்க, ஊரெல்லாம் உண்டது. பரதவர் குலத்துத் தலைவர் கொணர்ந்த நீரை எக்குலத்தாரும் பருகினர். 2023 டிசம்பரிற் பெருமழை பெய்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் நீர் கொட்டி, தூத்துக்குடித் தெருக்களெல்லாம் ஆறாக ஓடியபோது, மீனவர்கள் கடற்படகுகளைத் தெருவுக்குக் கொணர்ந்து வீடுகளிற் சிக்கியவர்களை மீட்டார்கள். படகில் ஏறியவரின் கோத்திரத்தை எவர் கேட்டார்? சிதம்பரனார் தம் மரபினர்க்கு மட்டுமே பங்கு விற்போம் என்று எண்ணியிருப்பாராயின், ஒரு தோணியேனும் வாங்கியிருப்பாரா? எல்லோர்க்கும் பங்கேட்டைத் திறந்து வைத்தார். ஆதலாற் கப்பல் வந்தது. அது மூழ்கியதும் வேற்றுக் குலத்தாரைச் சேர்த்ததனால் அன்று. சேர்ந்தவர்கள் கடைசிவரையில் நில்லாமையால்.

ஆகவே என் விண்ணப்பம் இது. பயணத்துக்கு அமர்த்தும் வண்டிகளில் நம் குடும்பங்கள் அமர்ந்தபின் எஞ்சும் இடங்களை, நம் தெருவிலும் நம் பள்ளியிலும் உள்ள மற்றைக் குலத்து ஏழை மாணவர்க்கு அளிப்போம். சங்கத்து மூலநிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கவேண்டா. அவர்களது உணவுச் செலவை விருப்பமுள்ள அன்பர்கள் பகிர்ந்துகொள்ளலாம். என் பங்காக இரண்டு மாணவர்களின் செலவை ஏற்கின்றேன். மாணவர் ஒவ்வொருவரும் திரும்பி வந்தபின், தாம் கண்ட ஒரு தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதட்டும். அவற்றுட் சிறந்தவற்றை நம் இதழில் வெளியிடுவோம். உப்பளத்தில் நின்ற பிள்ளை, இலையில் வைத்த உப்பைத் தள்ளும்போது ஒரு கணம் தயங்குவானாயின், பயணத்துக்குச் செலவிட்ட பொருள் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் நல்முடிவு காண்பார்களாக.